டாங்கியும் கஞ்சித்தொட்டியும்

சென்ற மாதம் நண்பர் ஒருவர் எனக்கு நான்கு பக்க மடல் ஒன்று விடுத்திருந்தார். காரணம் இதுதான். எங்கள் வட்டாரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் ஆண்டு விழாவில், மாணவர்கள் ஹைதர் அலியின் படையாகவும் கும்பினியாரின் படையாகவும் வேடம் புனைந்து, ஆங்கில நூல்கள் பொள்ளிலூர் என்றெழுதும் புள்ளலூர்ப் போரை நடித்துக் காட்டினர். அட்டையில் பீரங்கி, மூங்கிற்குழலில் மத்தாப்பு திணித்த ராக்கெட், காகிதத்தில் வெட்டிய மீசை. கும்பினித் தளபதி பெய்லி மண்டியிட்டபோது அரங்கம் அதிரக் கைதட்டினார்கள். தலைமை வகிக்க அழைக்கப்பட்டிருந்த நான் முடிவுரையில், "ஊர் எரிந்தவர் ஒருவர்கூட இந்த நாடகத்தில் வரக் காணோமே!" என்று ஒரு வாக்கியம் கூறிவிட்டு அமர்ந்தேன். அந்த ஒரு வாக்கியத்திற்குத்தான் நான்கு பக்கம்.

வீரத்தைப் பற்றிப் பேசினால் ஆலிம்கள் ஏன் முகம் சுளிக்கிறீர்கள் என்று கேட்கிறார் நண்பர். நம் பிள்ளைகள் நம் வரலாற்றைப் பெருமையோடு நினைப்பது குற்றமா என்கிறார். இறுதியாக, "ஹஜ்ரத் அவர்களே, தாங்களும் 2018இல் தம்பி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திருவிடந்தைக்கு டாங்கி பார்க்கப் போனவர்தாமே?" என்று ஒரு கேள்வியைத் தைத்து அனுப்பியிருக்கிறார்.

போனேன். மறுக்கவில்லை. அன்று போனதனால்தான் இன்று பேசுகிறேன்.

அதுகாறும் தில்லியிலும் 2016இல் கோவாவிலும் நடந்த ராணுவத் தளவாடக் கண்காட்சி, அவ்வாண்டு ஏப்ரல் 11 முதல் 14 வரை நம் கடற்கரையில், கோவளத்திற்கும் மாமல்லபுரத்திற்கும் இடையிலுள்ள திருவிடந்தையில் நடைபெற்றது. காவிரிக்காகத் தமிழ்நாடு கொந்தளித்திருந்த நேரம். 12ஆம் நாள் பிரதமர் கண்காட்சியைத் தொடங்கி வைக்க வந்தபோது கறுப்புக்கொடிகள் எழுந்ததும், அவர் ஹெலிகாப்டரிலேயே வந்து திரும்பியதும் வாசகர்க்கு நினைவிருக்கும். கடைசி நாளாகிய 14ஆம் தேதி பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். சித்திரை முதல் நாள், சனிக்கிழமை, விடுமுறை. வேறென்ன வேண்டும்? நித்திய கல்யாணப் பெருமாளுக்கு மாலை சாத்தித் திருமண வரம் கேட்க வரும் ஊரில், அன்று மாலைகளைவிடக் கைப்பேசிகளே மிகுதியாகத் தெரிந்தன.

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், அங்கிருந்து வடக்கே திரும்பினோம். தம்பி, அவன் மனைவி, பத்து வயது மகன், ஏழு வயது மகள், நான். புளிச்சோறும் பொரித்த முட்டையும் கட்டியெடுத்திருந்தோம். வரிசையில் நின்றபோது வெயிலுக்காக நான் தொப்பியைக் கழற்றித் துண்டைத் தலையிற் போட்டுக்கொள்ள முனைந்தேன். தம்பி என் கையைப் பிடித்தான். "அண்ணே, தொப்பி இருக்கட்டும். நாமளும் வந்திருக்கோம்னு நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். ஆயினும் அந்தச் சொல்லில் இருந்த பாரம், உள்ளே நான் கண்ட எந்த இரும்பின் பாரத்திற்கும் குறைந்ததன்று. டாங்கியைக் கண்டு களிப்பதற்கும் நம்மவர் சான்று காட்ட வேண்டியிருக்கிறது! இதற்குப் பின்னர் வருகிறேன்.

கண்காட்சித் திடலில் நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் கூடாரங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் நகைக்கடை ஒழுங்கில் குண்டுகள். வெளியே நம் ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கி நின்றது. ஏறத்தாழ ஐம்பத்தெட்டு டன் எடை, 120 மில்லிமீட்டர் குழல், உள்ளே நான்கு பேர். அதனருகே படம் எடுத்துக்கொள்ள நின்ற கூட்டத்தை நான் எந்தக் கந்தூரியிலும் கண்டதில்லை. கைக்குழந்தைகளைத் தூக்கிப் பீரங்கிக் குழலின்கீழ் நிறுத்திப் படமெடுத்த தாய்மாரை என் கண்ணாற் கண்டேன். மணல்மேட்டின்மீது ஏறியிறங்கிப் புகை கக்கித் திரும்பிய வண்டிகளுக்கு மக்கள் ஆரவாரித்தார்கள். பொய் சொல்ல மாட்டேன், என் நெஞ்சும் ஒரு கணம் விம்மியது. இரும்பின் ஓசைக்கு அப்படியொரு மயக்கம் உண்டு.

அப்போது தம்பி மகள் என் ஜிப்பாவை இழுத்து, "பெரியத்தா, இவங்க யாரை அடிக்கிறாங்க?" என்று கேட்டாள்.

நான் பார்த்தேன். புகை இருந்தது, வேட்டு இருந்தது, வீரர் இருந்தனர். எதிர்ப்பக்கம் கடல்தான் இருந்தது. போரைப் போல நடித்துக் காட்டிய அந்த அரை மணி நேரத்தில் அடிபடுபவர் என்று ஒருவரும் இல்லை. குழந்தைக்கு நான், "சும்மா காட்டுறாங்கம்மா" என்று விடை சொன்னேன். சும்மா காட்டினார்களா?

இவ்விடத்தில் நண்பர் ஒரு ஹதீஸைக் கொண்டு என்னை மடக்கப் பார்க்கிறார். பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டியும் கேடயமும் ஏந்தி விளையாட, அன்னை ஆயிஷா (ரலி) அண்ணல் நபி (ஸல்) அவர்களின் தோளுக்குப் பின்னிருந்து அதைக் கண்டு களித்ததும், உமர் (ரலி) தடுக்க முனைந்தபோது நாயகம் அவர்களை விட்டுவிடச் சொன்னதும் புகாரியில் உள்ளனவே என்கிறார். உள்ளன. நாற்பதாண்டுகளுக்கு முன் மதரஸாவில் பாடமோதிய ஹதீஸ் அது. ஆனால், நண்பரே, அந்த அபிசீனியர் எவருக்கேனும் ஈட்டி விற்க வந்தவரா? தம் கையும் காலும் தம் மூச்சும் கொண்டு ஆடினார்கள். எதிரே நின்றவனும் அவர்களைப் போன்ற ஒரு மனிதன். அவன் கேடயத்தில் பட்ட அடி அவன் தோளில் உறைத்தது. பார்த்தவர்க்கு ஆயுதத்தைவிட ஆளே தெரிந்தான். திருவிடந்தையில் ஆளைக் காணோம். அது சந்தை. கோட்டும் டையும் அணிந்தவர் முதல் மூன்று நாளும் விலை பேசிய சந்தைக்கு நான்காம் நாள் நம் குடும்பங்கள் புளிச்சோற்று மூட்டையோடு போய்க் கூட்டம் சேர்த்துக் கொடுத்தோம். விலையும் இலேசானதன்று. 2021 செப்டம்பரில் ஆவடித் தொழிற்சாலைக்கு 118 அர்ஜுன் டாங்கிகளுக்கான ஆணை வழங்கப்பட்டது. தொகை 7,523 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒன்றிற்கு அறுபத்து மூன்று கோடிக்கு மேல் வருகிறது.

நாட்டுக்குப் படை வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டா. எல்லையுள்ள நாட்டுக்குக் காவல் வேண்டும். காவலுக்குக் கருவி வேண்டும். ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் தோன்றியது முதல், எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் அடுப்பெரிந்தது அதனால்தான். என்னிடம் ஓதியவர் இருவரின் தகப்பனார் அங்கே வெல்டர்கள். அவர்களுடைய உழைப்பை நான் குறை சொல்லேன். கருவி வேண்டும் என்பது வேறு, கருவியைத் திருவிழாத் தேராக்கிப் பிள்ளைகளை வடம் பிடிக்கச் செய்வது வேறு.

டாங்கிக்கு அரபு மொழியில் 'தப்பாபா' என்று பெயர். இன்றைய பத்திரிகை அரபு என்று எண்ண வேண்டா. மிகப் பழைய சொல். ஊர்தல், தவழ்தல் என்ற வேரிலிருந்து வந்தது. மண்ணில் நடமாடும் உயிர்கள் அனைத்தையும் குர்ஆன் குறிக்கும் 'தாப்பா' என்ற சொல்லும் அதே வேரினதே. பழங்காலத்தில் மரத்தாலும் தோலாலும் கூண்டு செய்து, அதனடியில் ஆட்கள் பதுங்கி ஊர்ந்துபோய்க் கோட்டைச் சுவரைத் துளைப்பார்கள். ஹிஜ்ரி 8இல் தாயிஃப் முற்றுகையின்போது நபித்தோழர் சிலர் அத்தகைய தப்பாபாவின்கீழ்ச் சென்றதை இப்னு ஹிஷாமின் சீறாவில் காணலாம். அதில் என்னைக் கட்டிப்போட்ட செய்தி அவர்கள் சென்றது அன்று. ஸகீஃப் கூட்டத்தார் மேலிருந்து பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கொட்டினார்கள், கூண்டு பற்றியது, வெளியே வந்தவர்கள் அம்புக்கு இரையானார்கள் என்பதையும் அந்நூல் மறைக்காமல் எழுதுகிறது. அந்த முற்றுகையில் மாண்டவர் பெயர்களைப் பட்டியலிடுகிறது. கோட்டை அப்போது விழவில்லை என்பதையும் எழுதுகிறது. ஸகீஃப் மீது சாபமிடுமாறு வேண்டப்பட்டபோது நாயகம் (ஸல்) அவர்களுக்கு நேர்வழி வேண்டிப் பிரார்த்தித்ததையும் எழுதுகிறது. நம் முன்னோர் போரை எழுதியது இப்படி. எரிந்த கூண்டும் இருக்கும், இறந்தவன் பெயரும் இருக்கும், திரும்பி வந்த கதையும் இருக்கும். திருவிடந்தையில் நான் கண்ட தப்பாபா பற்றவில்லை. அதிலிருந்து எவனும் வெந்து வெளிவரவில்லை.

அன்று திரும்பும் வழியில் லுஹர் தொழுகைக்காகக் கோவளம் சென்றோம். தமீமுல் அன்சாரி (ரலி) அவர்கள் பெயரால் விளங்கும் தர்காவை ஒட்டிய நிழலில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டோம். மூத்தவன் சாப்பாட்டில் கண் வைக்காமல் டாங்கி, டாங்கி என்று அரற்றிக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்த மணலைக் காட்டி ஒன்று சொல்ல எண்ணினேன், அன்று நாவெழவில்லை. இன்று சொல்கிறேன்.

அந்தக் கோவளத்தில் கர்நாடக நவாபுகளின் காலத்தில் சஆதத் பந்தர் என்ற கோட்டை இருந்தது. 1752இல் ராபர்ட் கிளைவ் அதைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பறித்தான். அடுத்துச் செங்கற்பட்டுக் கோட்டையையும் பறித்தான். அந்தச் செங்கற்பட்டுக் கோட்டையின் ஊடாகத்தான் இன்று ரயில் ஓடுகிறது. கொளவாய் ஏரியைப் பார்க்கும் பயணிகளில் எத்தனை பேர் அதன் இடிசுவரைப் பார்க்கிறார்கள்? தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் கோட்டையும் அவர்தம் கல்லறைகளும் உள்ளன. 1782 பிப்ரவரியில் அந்தக் கடலில்தான் பிரெஞ்சுக் கடற்படையும் ஆங்கிலக் கடற்படையும் மோதின. ஆக, நம் பிள்ளைகள் 'சும்மா காட்டும்' வேட்டுக்குக் கைதட்டிய அதே கரையில் மெய்யான வேட்டு முப்பதாண்டு காலம் விட்டு விட்டுக் கேட்டது. நெல் விளைந்த ஊர்க்காரனுக்கு அதில் எது நவாபின் வேட்டு, எது கும்பினியின் வேட்டு?

இனிப் புள்ளலூருக்கு வருவோம். நண்பருக்கு எரிச்சலூட்டிய பகுதி இதுதான்.

1780 ஜூலையில் ஹைதர் அலி பெரும்படையோடு கணவாய்களைக் கடந்து கர்நாடகத்துச் சமவெளியில் இறங்கினார். செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்திற்கு அருகே, ஏறக்குறைய நாலாயிரம் பேர் கொண்ட பெய்லியின் படையை அவரும் அவர் மகன் திப்புவும் வளைத்து அழித்தார்கள். மைசூர் ராக்கெட்டுகள் பாய்ந்தன. கும்பினியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. உதவிக்கு வந்திருக்க வேண்டிய மன்றோ, காஞ்சிக் கோயிற்குளத்தில் தன் கனத்த பீரங்கிகளைத் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுக்கு ஓடி வந்தான். வெள்ளையன் இந்திய மண்ணில் அதுவரை கண்டிராத தோல்வி. ஸ்ரீரங்கப்பட்டினத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்தப் போர் ஓவியமாக நிற்கிறது. அமெரிக்காவின் வாலப்ஸ் தீவில் திப்புவின் ராக்கெட் படையைச் சித்திரித்த ஓவியத்தைக் கண்டு தாம் பூரித்ததை நம் இராமேசுவரத்து அப்துல் கலாம் 'அக்கினிச் சிறகுகள்' நூலில் எழுதியிருக்கிறார். அந்தப் பூரிப்பு எனக்கும் உண்டு. மறைக்க என்ன இருக்கிறது?

ஆனால் மேடையில் 'வெள்ளையர் படை' என்று முகத்தில் மாவு பூசிக்கொண்டு நின்ற பிள்ளைகளைப் பார்த்தபோது சிரிப்பும் வந்தது, துயரமும் வந்தது. பெய்லியின் படையில் பெரும்பாலோர் வெள்ளையரே அல்லர். கும்பினிச் சோற்றுக்கு வந்த நம் நாட்டுச் சிப்பாய்கள். மாவு பூச வேண்டியதே இல்லை!

அந்தப் படையெடுப்பில் ஹைதரின் குதிரைப்படை சென்னையைச் சுற்றியிருந்த நாட்டைத் திட்டமிட்டுப் பாழாக்கியது. கும்பினிக்குத் தானியம் போகக்கூடாது என்பது போர் உத்தி. உத்திக்கு எரிந்தவை செங்கற்பட்டுச் சீமையின் ஊர்கள். பயிர் போயிற்று, மாடு போயிற்று, ஏரிக்கரை உடைந்தது உடைந்தபடி கிடந்தது. பிழைத்தவர் சென்னைக்கு ஓடினார்கள். பஞ்சம் துரத்தியது.

"ஆங்கிலேயன் எழுதிய கணக்கை நம்புகிறீரே!" என்பது நண்பரின் குற்றச்சாட்டு. ஹைதரைக் கொடியவனாக்கினால் ஆங்கிலேயனுக்கு ஆதாயம் உண்டு. அவன் பேனாவை நானும் முழுதும் நம்புவதில்லை. தன் வரிப்பசியையும் அவன் ஹைதரின் கணக்கில் எழுதியிருப்பான். ஆகவே அவன் நூல்களை மூடி வைத்துவிட்டு, நம் பாட்டிமார் வாயில் இருக்கும் ஒரு பெயரைக் கேட்போம். வடசென்னையில் ஸ்டான்லி மருத்துவமனைக்கு ஏழை மக்கள் வைத்த பெயர் என்ன? 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி.' 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில், ஊர் மணியக்காரர் ஒருவர் அங்கே கஞ்சி ஊற்றத் தொடங்கினார். அது மணியக்காரர் சத்திரமாயிற்று. பிறகு நோயாளர் விடுதியாயிற்று. பிறகு பெரிய மருத்துவமனையாயிற்று. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் கஞ்சி மக்கள் நாவிலிருந்து போகவில்லை. இது எந்த வெள்ளையன் எழுதிய கணக்கு? சுவரில் போரோவியம் தீட்டியவன் சம்பளம் வாங்கிக்கொண்டு தீட்டினான். கஞ்சித்தொட்டி என்ற பெயரை யாரும் சம்பளம் கொடுத்து வைக்கவில்லை. அந்தப் போரோவியத்தின் படி ஒன்று 2022இல் லண்டன் ஏலத்தில் ஆறு லட்சத்து முப்பதாயிரம் பவுனுக்குப் போயிற்று என்பதையும் இவ்விடத்தில் சொல்லி வைக்கிறேன்.

கஞ்சிக்கு நின்றவர்களில் கலிமா சொன்னவரும் இருந்திருப்பர். தீயிட்டவன் குல்லாயைப் பார்த்தா தீயிடுவான்?

ஹைதரை நான் ஆங்கிலேயன் அளவுகோலால் அளக்கவில்லை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு செய்தி வருகிறது. சிரியாவுக்குப் படை அனுப்பியபோது கலீஃபா அபூபக்கர் (ரலி), குதிரைமேல் இருந்த தளபதி யஸீதுக்குப் பக்கத்தில் தாம் கால்நடையாக நடந்து சென்றபடியே பத்து அறிவுரைகள் கூறினார்கள். பெண்டிர், பிள்ளைகள், தளர்ந்த முதியோரைக் கொல்லலாகாது, கனிதரும் மரத்தை வெட்டலாகாது, மக்கள் குடியிருக்கும் இடத்தைப் பாழாக்கலாகாது என்பன அவற்றுட் சில. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு கும்பினியை அளந்தால் அவன் ஒரு விரற்கடைக்கும் தேறமாட்டான். ஆனால் அதே கோலை ஹைதர் பக்கம் திருப்பும்போது மட்டும் நம் கை ஏன் நடுங்க வேண்டும்? நம் பெயர் வைத்துக்கொண்டவர் செய்தால் குடியிருப்பு குடியிருப்பில்லையா?

ஏன் நடுங்குகிறது என்பதும் எனக்குத் தெரியும். வரிசையில் என் தம்பி சொன்ன சொல்லில் அதன் விடை இருக்கிறது. நம்மைப் பற்றிய ஐயப்பார்வை நாட்டில் இருக்கிறது; அதற்கு விடையாக நாமும் வீரப்பட்டியல் ஒன்றை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கிறோம். ஹைதர், திப்பு, 1965 போரில் ஜீப்பில் பொருத்திய துப்பாக்கியால் பாட்டன் டாங்கிகளைத் தகர்த்து வீழ்ந்த அப்துல் ஹமீது. அவர் வீழ்ந்ததும் ஒரு செப்டம்பர் 10. பரம்வீர் சக்கரம் பெற்ற அந்த மாவீரர் யாரிடமும் சான்றிதழ் கேட்டுப் போர்முனை போகவில்லை. தம் கடமையைச் செய்தார். அவருடைய மரணத்தை நாம் அடையாள அட்டைபோல எடுத்து எடுத்துக் காட்டுவது அவருக்குப் பெருமை சேர்ப்பதாக எனக்குத் தோன்றவில்லை. குடிமகனாகப் பிறந்தவனுக்கு டாங்கியின் அருகே நின்று படமெடுத்துத்தான் குடியுரிமை வர வேண்டுமா?

இந்தப் போர் வேடக் கேளிக்கை நமக்கு மட்டும் உரிய பித்து அன்று என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்துப் பெல்ட்ரிங் என்னுமிடத்தில் பழைய ராணுவ வண்டிகளின் கண்காட்சி பல்லாண்டுகள் நடைபெற்றது. வேடமிடுவோர் குடும்பத்தோடு வந்து, இரண்டாம் உலகப்போர்ச் சீருடைகளைத் தைத்து அணிந்து, பதுங்குகுழி வெட்டிப் போர் நடித்தார்கள். ஜெர்மானியச் சீருடைக்கும் ஆள் குறைவில்லை! பொத்தான் சரியா, தையல் சரியா, வண்டியின் வண்ணம் அக்காலத்து வண்ணமா என்று மயிர் பிளக்கும் ஆராய்ச்சி. இத்தனை ஆராய்ச்சி செய்கிறவர்களில், குண்டு விழுந்த வீட்டில் பிள்ளையைத் தேடியவளாக வேடமிட எத்தனை பேர் முன்வருவர்? பழைய பொருளைக் காப்பது நல்லதே. சதுரங்கப்பட்டினக் கோட்டையை இடிய விடாமல் காக்கிறார்களே, அதுபோல. ஆனால் பொத்தான் அளவுக்கு மெய் பார்ப்பவர், மெய்யின் பெரும்பகுதியை வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்.

நாடகமே கூடாது என்று நான் சொல்லவில்லை என்பதை நண்பர் குறித்துக்கொள்ளட்டும். புள்ளலூரை நடியுங்கள். ராக்கெட்டும் விடுங்கள். திப்புவுக்கு நல்ல தலைப்பாகையாக வாங்கிக் கொடுங்கள்; சென்ற முறை கட்டியது அவிழ்ந்துகொண்டே இருந்தது. அதன்பின் ஒரு காட்சி, பத்து நிமிடம் போதும். செங்கற்பட்டுப் பக்கத்து ஊரொன்றிலிருந்து ஒரு பெண், இரண்டு பிள்ளைகளோடும் ஒரு சட்டியோடும் சென்னைக்கு நடந்து வருகிறாள். மணியக்காரர் கஞ்சி ஊற்றுகிறார். அவ்வளவே.

தலைமையாசிரியர் பெருந்தன்மையானவர். நீங்களே எழுதிக் கொடுங்கள், வரும் ஆண்டு போட்டுவிடலாம் என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன். திப்பு வேடத்திற்கு இப்போதே பதினோரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கஞ்சிச் சட்டியைத் தூக்குவதற்கு இதுவரை ஒருவரும் வரவில்லை. மடல் எழுதிய நண்பரின் பேத்தி அந்தப் பள்ளியில்தான் ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள்; அவளை அனுப்பி வைக்குமாறு அவருக்கு இரண்டு வரியில் பதில் போட்டிருக்கிறேன்.